தகரத்தைத் தொடாத விளக்குகள்

எங்கள் தீவில் கராச்சர்மா என்கிற ஊரில், ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் நாலு வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். சுவர் அவரவருக்கு, கூரை எல்லாருக்கும். ஒரு வீட்டின் மேல் தேங்காய் விழுந்தால் நாலு வீட்டிலும் ஆட்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

முன் அறையில் என் தையல் மெஷின் கிடக்கிறது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கதையும் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். நான் அதிகம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மெஷினுக்கு எதிரே போட்டிருக்கும் நாற்காலியிலிருந்து வந்ததுதான். அதில் வந்து உட்காரும் ஓர் அம்மா கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் நாக்கில் இலங்கை மலைத் தமிழ் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒருநாள் கரண்ட் போய் இரண்டு பேரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னார்: "நம்ம தீவுல வெளக்கு எரியிறது கம்பியில இல்லீங்க, கப்பல்ல."

யோசித்துப் பார்த்தால் ரொம்பச் சரி. மெயின்லேண்டிலிருந்து டீசல் வந்து இறங்கினால்தான் இங்கே பெரும்பாலும் மின்சாரம். அதைக் கேட்ட நாளிலிருந்து ஆளில்லாத அறையில் பல்பு எரிந்தால், யாரோ கப்பலிலிருந்து டீசலைக் கடலில் ஊற்றுகிற மாதிரி எனக்குத் தோன்றும். எழுந்து போய் அணைத்துவிட்டு வந்துதான் அடுத்த தையல் போடுவேன்.

விளக்கு விஷயத்தில் எங்கள் நாலு வீடும் போன வருஷம் ஒரு பாடம் படித்தது. தீவில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. காற்றுக்கு எது ஆடினாலும் கட்டுக்கம்பியை எடுத்து முறுக்கிவிடுவோம். கூரைத் தகடு, தொட்டி மூடி, கேட், கோழிக்கூடு, எல்லாம் அதில்தான் நிற்கிறது. குறடும் ஒரு சுருள் கட்டுக்கம்பியும் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. தீபாவளியோ காளி பூஜையோ கிறிஸ்துமஸோ, சீரியல் பல்பையும் தகர விளிம்போடு சேர்த்து அதே கம்பியால் முறுக்கிக் கட்டுவோம். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததனாலேயே அது சரியென்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் மழையும் காற்றுமாக இருந்த ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டு வங்காளி அம்மா கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனார். அவரை நான் தீதி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை. கொடியும் கம்பிதான், அதன் ஒரு முனை கூரைத் தகரத்தில் கட்டியிருந்தது. காற்றில் ஆடி ஆடிக் கட்டுக்கம்பி ரம்பம் மாதிரி சீரியல் வயரின் தோலை அறுத்திருக்கிறது. நனைந்த தகரம் முழுக்கக் கரண்ட். கொடியில் கை வைத்ததும் தீதியைத் தூக்கி எறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் வலது கை ரொம்ப நாள் மரத்துக் கிடந்தது. அந்த நாட்களில் அவருக்குத் தலை பின்னிவிட்டது நான்தான்.

நாலு வீட்டுக்கும் விளக்குக் கட்டியவர் எங்கள் மாலிக். வீடுகளின் சொந்தக்காரர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மாலிக் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அன்றைக்கே மெயினை அணைத்து, ஏணி போட்டு ஏறி, எல்லா சீரியலையும் அறுத்துக் கீழே போட்டார். இறங்கி வந்து, இனிமேல் இந்தக் கூரையில் ஒரு மின்மினி கூட உட்காரக் கூடாது என்று சொன்னார்.  மறுத்துப் பேசக்கூடிய முகமாக அவர் முகம் இல்லை.

இந்த வைகாசியில் என் மகளுக்கு மதுரைப் பக்கம் கல்யாணம் நடந்தது. பந்தியில் சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்: "அங்கிட்டெல்லாம் கரண்டு இருக்கா சம்பந்தி?"

கேலியாகக் கேட்டிருந்தால் நானும் கேலியாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் சுருக்கென்றது. "தலை தீபாவளிக்கு ரெண்டு பேரையும் அனுப்பி வைங்க. மாப்பிள்ளையே பாத்துட்டு வந்து சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டேன். பாயசம் வந்தபோதுதான் மாலிக்கின் மின்மினி நினைவுக்கு வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அதே கவலைதான். இங்கே ஐப்பசியில் சாயங்காலம் ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். மாலையில் வந்து இறங்குகிற புது மாப்பிள்ளைக்கு முதலில் தெரியப்போவது இருட்டான ஒரு வீட்டு முகப்பு. மகள் ஒன்றும் நினைக்க மாட்டாள். நான் நினைப்பேன்.

அவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் அரசாங்க ஸ்டோரில் வேலை பார்க்கிறவர், எதையும் உள்ளபடி வைத்துக்கொள்வதில் பிரியம் உள்ளவர். உள்ளே ரெண்டு டியூப்லைட் போதாதா என்றார். போதாது என்று மாலிக் வீட்டுக்கு நானே போனேன்.

மாலிக் முழுக்கக் கேட்டுவிட்டு இந்திப் பழமொழி ஒன்றைச் சொன்னார்: "தூத் கா ஜலா, பெஹன்ஜி, சாச் பீ ஃபூங்க் கே பீதா ஹை." பாலில் வாய் சுட்டவன் மோரையும் ஊதித்தான் குடிப்பான்.

வந்த வேலை ஒரு பக்கம் இருக்க, என் புத்தி அந்தப் பழமொழியின் பின்னால் போய்விட்டது. நம்மிடம் இதற்குச் சூடு கண்ட பூனை இருக்கிறது. அந்தப் பூனை அடுப்பங்கரைப் பக்கமே வராது, கதை அதோடு முடிந்தது. இவரோ ஊதியாவது குடிப்பேன் என்கிறாரே. பூனையை விட இவர் பரவாயில்லை.

"ஊதிக் குடிப்பேன்னுதானே சொல்றீங்க மாலிக், குடிக்கவே மாட்டேன்னு சொல்லலியே" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மீசைக்குள் அடக்கிக்கொண்டு நிபந்தனை போட ஆரம்பித்தார். விளக்கோ வயரோ தகரத்தைத் தொடக் கூடாது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அவரே கூட்டி வந்து, கசிவு இருந்தால் தானாக விழுகிற டிரிப் சுவிட்ச் போடுவார். விளக்கு எரியும்போது டெஸ்டரோடு அவரே முன்னால் நிற்பார். ஏதாவது ஒன்று தப்பானால் இந்த வருஷம் மட்டுமல்ல, நாலு வீட்டில் எந்த வீட்டுக்கும், எந்தப் பண்டிகைக்கும், என்றைக்கும் விளக்குக் கிடையாது.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கடைசிச் சொல்தான் கூட வந்தது. என் ஆசைக்கு நாலு வீட்டுப் பண்டிகையையும் பணயம் வைத்துவிட்டேன்.

சரி, தகரத்தைத் தொடாமல் விளக்கு எங்கே நிற்கும்? இரண்டு நாள் ரவிக்கைகளை வெட்டிக்கொண்டே யோசித்தேன். மூன்றாம் நாள் தீதி வீட்டு வழியாகப் போனபோது விடை சாய்த்து வைத்திருந்தது. துர்கா பூஜை முடிந்து பந்தலைப் பிரித்திருந்தார்கள். தீதியின் வீட்டுக்காரர் பூஜைக் கமிட்டியில் இருப்பவர். அந்த மூங்கில்கள் மதிலோரம் சாய்த்து அடுக்கியிருந்தன. விளக்கை வீட்டில் கட்டாமல் வீட்டுக்கு முன்னால் ஒரு மூங்கில் சட்டத்தில் கட்டினால் என்ன? கூரை விளிம்பிலிருந்து ஒரு கை தள்ளி அது தன் காலில் நிற்கட்டும். தீதியிடம் சொன்னேன். அவர் மரத்துப்போயிருந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு மூங்கிலையே பார்த்தார். பிறகு, கம்பி வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மூங்கிலைக் கேட்டு வாங்கித் தந்ததும் அவர்தான்.

வாசலில் குழி தோண்டிக் கல் போட்டு இறுக்கி மூங்கில் நட்டோம். என் வீட்டுக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "வீட்டுக்கு வெளக்குப் போடுறேன்னு வீட்டுக்கு வெளியில இன்னொரு வீடு கட்டுறே" என்றார். ஆனால் ஒரு மூங்கிலையும் கோணலாக நடவில்லை. ஸ்டோர்க்காரர் கை.

அபர்டீன் பஜாரில் கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது நூல் மாதிரி வயர் உள்ள சீரியல். முந்தானையை மட்டும் பார்த்துச் சேலை எடுக்கிறவள் ஏமாறுவாள், திருப்பி உள்பக்கம் பார்க்க வேண்டும். பிளக்கைத் திருப்பினேன், வயரை விரலுக்கிடையில் உருட்டினேன், வேண்டாம் என்றேன். மழையில் வெளியே போடுகிறது வேண்டும் என்று கேட்டதும் உள்ளேயிருந்து வேறு பெட்டி வந்தது. எல்.இ.டி., தடித்த வயர், ஒவ்வொரு பல்பின் அடியிலும் ரப்பர் அடைப்பு. எரியவிட்டுக் காட்டினார். விரல் வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. பழைய பல்பு மாலை ஒன்று தின்கிற கரண்டில் இது எத்தனையோ மாலை எரியும் என்றார். மூன்று மாலை போதும் என்றேன். முகப்பு முழுக்க வர இன்னும் நிறைய வேண்டும் என்று அவர் கணக்குச் சொன்னார். அவருக்கு அவர் கணக்கு.

என் கணக்கு மெஷினுக்கு அடியில் சாக்கில் இருந்தது. வருஷக்கணக்காக வெட்டி மிஞ்சிய ஜரிகைக் கரைகள், சமிக்கி வைத்த துண்டுகள், கல்யாண ரவிக்கைகளின் ஓரங்கள். அவற்றை ரிப்பன் ரிப்பனாகத் தைத்து, கூரைச் சரிவுக்கு உள்ளே, பல்பிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டேன். எல்.இ.டி. சுடாதுதான். இருந்தாலும் துணி துணிதான். ஒரு பல்பு எரிந்தால் பின்னால் பத்துச் சமிக்கி மின்னும். அதற்கு மீட்டர் ஓடாது.

கட்டுவதற்கு நைலான் கயிறு. இறுக்கினால் வயர் நசுங்கும், விட்டால் காற்று உருவிவிடும். பொத்தான் துளைக்குப் போடுகிற காஜாத் தையலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூங்கிலைக் கயிறு இறுக்கிப் பிடித்தது, வயர் அந்தக் கண்ணுக்குள் தளர்வாக உட்கார்ந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து டிரிப் சுவிட்சைப் பொருத்தி, பட்டனை அழுத்தி விழவைத்துக் காட்டினார். வயரை ஜன்னலுக்குள் விடும் இடத்தில் கீழே ஒரு தொங்கல் விடச் சொன்னார். மழைத்தண்ணீர் வயர் வழியே உள்ளே வராமல் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். மூன்று மாலையின் பிளக்கும் ஜன்னலுக்கு உள்ளே, வெளியே ஒரு ஜாயின்ட் கிடையாது.

தீபாவளிக்கு முதல் நாள் கப்பல் தாமதம். கடல் கொந்தளிப்பு. மாப்பிள்ளைதான் விமானம் வேண்டாம், கப்பலில் போவோம் என்று ஆசைப்பட்டாராம். இருட்டும் நேரத்துக்கு மாலிக் நாற்காலியும் டெஸ்டருமாக வந்து உட்கார்ந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டேன்.

எரிந்தது. ஜரிகை எல்லாம் தூறலுக்குப் பின்னால் பொன்னாக அசைந்தது. பல்பு எது, சமிக்கி எது என்று எனக்கே பிரிக்க முடியவில்லை. மாலிக் எழுந்து தகரத்தில், இரும்புத் தூணில், கொடிக்கம்பியில் எல்லாம் டெஸ்டரை வைத்து வைத்துப் பார்த்தார். அது கண்ணைத் திறக்கவே இல்லை. நாற்காலிக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்ததையே நான் பாராட்டாக எடுத்துக்கொண்டு முந்திரிக்கொத்துப் பொரிக்க உள்ளே போனேன்.

காற்று வலுத்தது. மாலிக் குடை எடுக்க வீடு வரை போய் வந்தார். மகள் போன் செய்தாள். இறங்கிவிட்டார்களாம், ஆட்டோ பிடித்துவிட்டார்களாம். போனை வைத்தேன், அடுப்பை அணைத்தேன். பட்டென்று வீடு இருண்டது.

எட்டிப் பார்த்தால் தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் வெளிச்சம் இருக்கிறது. எங்கள் வீட்டில்தான் டிரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறது. வெளியே மாலிக் நாற்காலியை மடக்கும் சத்தம் கேட்டது.

"கதம், பெஹன்ஜி" என்றார். முடிந்தது. கோபமாகக் கூடச் சொல்லவில்லை, எதிர்பார்த்தது நடந்துவிட்டது என்கிற மாதிரி.

 என் வாய் எப்போதும் போல முந்திக்கொண்டது. "போன வருஷம் ஆள் விழுந்தாங்க மாலிக். இந்த வருஷம் சுவிட்ச் விழுந்திருக்கு. எது நல்லது, நீங்களே சொல்லுங்க."

 அவர் மடித்த நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு டார்ச்சை அடித்தார்.

மூன்று பிளக்கையும் பிடுங்கினேன். சுவிட்சைத் தூக்கினேன், நின்றது. முதல் மாலையைச் செருகினேன், நின்றது. இரண்டாவது, நின்றது. மூன்றாவதைச் செருகியதும் பட்டென்று விழுந்தது. மூன்றாவதன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மாலிக்கின் டார்ச் வெளிச்சம் அந்த மாலை போகிற வழியே மெல்ல நகர்ந்து, தீதி வீட்டுப் பக்கத்துக் கடைசி மூங்கிலில் போய் நின்றது. அங்கே மூங்கிலையும் கூரையின் இரும்புத் தூணையும் சேர்த்து, நடுவில் வயரையும் பிடித்து, புத்தம் புதிதாக ஒரு கட்டுக்கம்பி முறுக்கு.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குறடைச் சட்டைப் பையில் ஒளிக்கப் பார்த்தார், அது ஒளிகிற அளவில் இல்லை.

"மூங்கி ஆடுச்சு" என்றார். "கை தானா முறுக்கிருச்சு."

மாலிக் அந்த முறுக்கைக் கிட்டப் போய்ப் பார்த்தார். போன வருஷம் அவர் போட்ட அதே முறுக்கு, அதே மாதிரி மடக்கிவிட்ட முனை. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குறடை வாங்கி அவரே அந்தக் கம்பியை வெட்டி எடுத்தார். வயரின் தோல் நகத்தால் கீறின மாதிரி கிழிந்திருந்தது. அவ்வளவுக்கே சுவிட்ச் சொல்லிவிட்டது. போன தடவை யாருமே சொல்லவில்லை, இந்தத் தடவை சுவிட்ச் சொல்லிவிட்டது என்று மாலிக் என் வீட்டுக்காரரிடம் இரண்டு தரம் சொன்னார்.

டேப் சுற்றி அதையும் போட்டுவிடலாமே என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். நைந்த துணியில் ஒட்டுப் போட்டால் ஒட்டுதான் நிற்கும், துணி நிற்காது என்று அந்த மாலையை உருவி உள்ளே போட்டேன். மூங்கிலைக் கயிற்றால் நானே இறுக்கினேன். அதனால் தீதி வீட்டுப் பக்கம் மட்டும் இருட்டாக நின்றது.

அன்றைக்குச் சதுர்த்தசி. வங்காளிகள் வீட்டில் பதினாலு அகல் ஏற்றுகிற நாள். தீதி மழைக்குப் பயந்து உள்ளேயே ஏற்றி வைத்திருந்தார். நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு தட்டில் அகல்களை ஏந்தி வந்தார், வலது கையில். ஜரிகையிலிருந்து நன்றாகத் தள்ளி, மழை படாத தன் வாசற்படி மூலையில் ஒவ்வொன்றாக வைத்தார். "இந்தப் பக்கம் என்னோடது அக்கா" என்றார்.

நான் ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். இரண்டு மாலையும் எரியவும் ஆட்டோ முனையில் திரும்பவும் சரியாக இருந்தது.

மகள் இறங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குக் கடல் ஆட்டம் இன்னும் காலில் இருந்தது. ஆட்டோவைப் பிடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். "அத்தை, எனக்குத்தான் தலை சுத்துதா, இல்ல வெளக்கு நெசமாவே வீட்ட விட்டுத் தள்ளி நிக்குதா?"

"தள்ளித்தான் நிக்குது மாப்பிள்ளை. உள்ள வாங்க, சொல்றேன்."

அவர் உடனே உள்ளே வரவில்லை. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, முகப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை காட்டினார். சம்பந்தியம்மா அந்தப் பக்கத்திலிருந்து இத்தனை விளக்குக்குக் கரண்டு பில் என்னத்துக்கு ஆகும் என்று கேட்டார். இரண்டே மாலைதான், மிச்சமெல்லாம் உங்கள் மருமகள் முகூர்த்த ரவிக்கையின் ஓரம் என்றேன். ரொம்ப நேரம் நம்பவில்லை. சமிக்கி ஒன்றைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மாலிக்குக்கு ஒரு தட்டில் முந்திரிக்கொத்து கொடுத்தேன். நாற்காலியை மறுபடி விரித்து உட்கார்ந்து தின்றார். டெஸ்டர் பையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் காலை எண்ணெய்க் குளியல் முடிந்து மாப்பிள்ளைக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஏணி சாய்க்கும் சத்தம் கேட்டது. மாலிக்தான். அன்றைக்குக் காளி பூஜை. மிச்ச மூங்கிலைத் தீதி வீட்டு முன்னால் நட்டாயிற்று, கடையிலிருந்து புது மாலையும் வந்தாயிற்று. நாலாவது வீட்டில் நர்ஸ் வேலை பார்க்கிற ராஞ்சிப் பெண் தன் வாசலில் நின்றுகொண்டு, டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு மூங்கில் தன் பக்கம் வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்தாள்.

மாலிக் ஏணியில் நின்று நைலான் கயிற்றை முறுக்கு முறுக்கு என்று முறுக்கினார். முறுக்கக் கூடாது, கண் விட வேண்டும் என்று நான் கீழே நின்று காஜா சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறை அவிழ்த்துக் கட்டவைத்தேன். நாலாவது கண் நன்றாக விழுந்தது. வயரை அதற்குள் மெல்ல இழுத்துப் பார்த்து, தளர்வாக ஓடியதும், என்னைப் பார்க்காமல், "அடுத்த மூங்கில்" என்றார்.